பினாங்குக்காரர் எழுந்துவிட்டார்

சும்மா கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. வட்டிக்குக் கொடுக்கிறவனையாவது நம்பலாம். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருக்கும். சும்மா கொடுக்கிறவன் சிரித்துக்கொண்டே வருவான். அவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

அதனால்தான் ஞானராஜ் வாத்தியார் எங்கள் சுண்ணாம்புக்குழிக்கு முதல் தடவையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. சீனாக்காரன் சண்டைக்கு மறுவருஷம் அது. சுண்ணாம்புக்குழி என்பது திண்டுக்கல்லில் தோல்ஷாப்புகளுக்குப் பின்னால் கிடக்கிற குடிசைகள். தோல் ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு காலத்தில் அங்கேதான் கொட்டினார்கள். குழி மூடிவிட்டது, பேர் மூடவில்லை, நாற்றமும் மூடவில்லை. வெளியிலிருந்து வருகிற எவனும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசுவான். வாத்தியார் பொத்தவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், பெரியவரே," என்று விளக்கினார். "எங்கயோ வசதியா இருக்கிற ஒருத்தர், இந்தப் பிள்ளை என் பொறுப்புன்னு எடுத்துக்குவார். அவர் அனுப்புறதுல எங்க மாதா கோயில் சங்கம் மாசாமாசம் அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்கும். பிள்ளைக்குத் துணி, சிலேட்டு, புஸ்தகம். பிள்ளை ஒழுங்கா பள்ளிக்கூடம் போகணும். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"அவருக்கு இதுல என்ன கிடைக்கும்னேன்."

"புண்ணியம்."

"ஏன், அவுக ஊர்ல புண்ணியம் வெளையலயாக்கும்?"

வாத்தியார் சிரித்தார். "எல்லாத்துக்குள்ளயும் ஏதோ ஒண்ணு இருக்குன்னே பார்ப்பீங்களா?"

"வாழைப்பழத்துல ஊசி ஏத்துற ஊரு வாத்தியாரே இது."

பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள், கப்பலில் ஏற்றிவிடுவார்கள், ரத்தத்தை உறிஞ்சிப் புட்டியில் அடைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பழனியம்மாள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

பழனியம்மாள் எனக்கு அடுத்த குடிசை. "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது, சுவர் ஒன்று. அவள் புருஷன் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனவன், லாரியோடே போய்விட்டான். அவள் தோல்ஷாப்பில் பட்டைக் கொட்டகையில் ஆவாரம்பட்டை இடிக்கிறாள். தோல் பதமாவது அந்தப் பட்டையில்தான். மகள் பொன்னழகு அப்போது ஒன்றாம் வகுப்பு. கொட்டகை மேஸ்திரி சிலுவைமுத்து சனிக்கிழமை தவறாமல் கேட்பான்: "ஏத்தா, ஒம் மகளையும் கூட்டியாயேன். சின்ன விரலுக்குப் பட்டை சீவுறது லேசா வரும்." குடிசைகளில் இன்னும் பல பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். போனவர்கள் விரல் காவி நிறமாகிவிடும். அப்புறம் அந்தக் கையில் சிலேட்டுக்குச்சி நிற்காது.

பினாங்கிலே பலசரக்குக் கடை வைத்திருந்த ஸ்தனிஸ்லாஸ் என்பவர் பொன்னழகை எடுத்துக்கொண்டார். அரிசி வர ஆரம்பித்தது. அரிசி வந்தால் பள்ளிக்கூடம், நின்றால் பட்டைக் கொட்டகை. இதற்கு நடுவில் மூன்றாவது வழி எதுவும் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது.

இரண்டு வருஷம் ஓடிற்று. பொன்னழகு மூன்றாம் வகுப்புக்குப் போனாள். பிள்ளை எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு போட்டோ வேண்டும் என்று பினாங்குக்காரர் கேட்டிருந்தாராம். வாத்தியார் வந்து சொன்னதுதான் தாமதம், சுண்ணாம்புக்குழிக்கே கல்யாணம் வந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் போட்டோ எடுத்தவர்கள் கிடையாது. செத்த பிறகு மாட்டுவதற்குக்கூடக் கிடையாது. ஜெய்தூன் பீவி தன் மருமகள் நர்கீஸ் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். சுந்தரம்மாள் தன் மகள் சடங்குக்கு எடுத்த பட்டுப்பாவாடையைக் கொடுத்தாள். யாரோ பவுடர் டப்பாவையே கவிழ்த்துவிட்டார்கள். ஸ்டுடியோக்காரன் தன் பங்குக்கு, பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரையைத் தொங்கவிட்டு, பிள்ளையின் கையை ஒரு டெலிபோன் மேல் எடுத்து வைத்தான். அதற்கு ஒயர் கிடையாது.

வாத்தியார் அன்றைக்குப் பிள்ளையோடு ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. ஸ்டுடியோக்காரன் உறை போட்டு ஒட்டிக் கொடுத்ததை அப்படியே பினாங்குக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு நாள் சைக்கிளில் ஏறி வேகமாக வந்தார். எப்போதும் தள்ளிக்கொண்டு வருகிற மனுஷர்.

"போட்டோவுல என்ன பண்ணித் தொலைச்சீங்க? பினாங்குக்காரர் நேர்லயே வந்துட்டார். கொடைரோட்டுல தங்கச்சி வீட்டுல இறங்கியிருக்கார். வெள்ளிக்கிழமை இங்க வாரார். இந்தப் பிள்ளை ஏழையான்னு பார்க்கணுமாம்!"

"பார்க்கட்டுமே," என்றாள் பழனியம்மாள்.

"பார்க்கட்டும். ஆனா இருக்கிறபடி இருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், இருக்கிறபடி இருங்க."

வாத்தியார் போனதும் பெண்கள் கூடினார்கள். இருக்கிறபடி இருப்பதில் ஒருத்திக்கும் சம்மதமில்லை.

"கடல் தாண்டி வாரவரை ஓட்டைப்பாயிலயா உக்கார வைப்பாக?" என்றாள் ஜெய்தூன் பீவி. "இவளுக்கு மட்டுமா கேவலம்? சுண்ணாம்புக்குழிக்கே கேவலம்."

"அது கெடக்கட்டும் பீவிக்கா," என்றாள் பழனியம்மாள். "போட்டோவுல சங்கிலி இருக்குல்ல? இப்ப கழுத்து வெறுங்கழுத்தா இருந்தா என்ன நெனைப்பாரு? பிள்ளை சங்கிலிய வித்துத் தின்னுட்டா தாய்க்காரின்னுல்ல நெனைப்பாரு?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கே ஒரு நிமிஷம் அது நியாயமாகப் பட்டது. அப்புறம் யோசித்தேன். "கிறுக்கச்சிகளா, சங்கிலி இருந்தா அரிசி நின்னுரும்டீ," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாமா. நாற்காலிய மட்டும் கொடுங்க."

என்னிடம் ஒரு நாற்காலி உண்டு. தோல்ஷாப்பில் கணக்கப்பிள்ளை புதுசு வாங்கினபோது பழசை என் தலையில் கட்டினார்கள். சுண்ணாம்புக்குழியில் அது ஒன்றுதான் நாற்காலி. கொடுக்க மாட்டேன் என்றேன். கொடுக்காவிட்டால் பினாங்குக்காரர் தரையில் உட்காருவார், அந்தப் பாவம் உங்கள் தலையில்தான் என்றார்கள். சரி, ஆனால் நாற்காலி போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்றேன்.

எங்களுக்குள் இரவலுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம். விருந்தாளி உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சாமான் அந்த வீட்டுடையது. விருந்தாளி எழுந்தால் சாமானும் எழுந்துவிட வேண்டும். யாரும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, கேட்பதும் இல்லை. உடையவர்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆள் எழுந்ததும் உள்ளே வந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள். இதில் கோபதாபம் கிடையாது. ஒரு தட்டு இரண்டு நாழிகை கூடத் தங்கினால் இன்னொரு வீட்டில் சோறு எதில் போடுவது?

வெள்ளிக்கிழமை பழனியம்மாள் குடிசையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் நாற்காலி நடுவில். டீக்கடைத் தங்கமுத்துவின் பெஞ்சு ஓரத்தில். அவன் கடைக் கண்ணாடிக் கிளாசுகள் வரிசையாக. எவர் வீட்டிலிருந்தோ ஒரு காலண்டர், ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. பொன்னழகு பட்டுப்பாவாடையும் சங்கிலியுமாக, மூச்சு விட்டால் கிழிந்துவிடும் என்பதுபோல விறைத்து நின்றாள்.

வாத்தியாரோடு ஜட்காவிலிருந்து இறங்கினவரைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு ஏமாற்றம்தான். கோட்டும் தொப்பியுமாக ஒரு சீமான் வருவார் என்று இருந்தார்கள். வந்தவர் என் வயசு. எலும்பும் தோலும். வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் குடை. ஜட்காக்காரனிடம் மிச்சச் சில்லறையை வாங்கி வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துப் பையில் போட்டார். உள்ளே வந்ததும் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். பிள்ளையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். கள்ள நோட்டைப் பார்க்கிறவன் பார்வை அது.

"சங்கிலி இருக்கு," என்றார்.

"இருக்குங்கய்யா," என்றாள் பழனியம்மாள்.

"யாருது?"

அவள் பிள்ளை கழுத்தில் சங்கிலியை நேராக்கிவிட்டாள். "எங்க ஆத்தா போட்டதுங்கய்யா."

வாசலில் நின்ற ஜெய்தூன் பீவிக்கு இருமல் வந்துவிட்டது.

"டெலிபோன் எங்க?"

டெலிபோனை யாரும் இரவல் வாங்கி வைக்கவில்லை. வாங்குவதற்குத் தோல்ஷாப் முதலாளி வீட்டுக்கல்லவா போகவேண்டும்?

"ரிப்பேருக்குப் போயிருக்குங்கய்யா," என்றாள் பழனியம்மாள்.

ஞானராஜ் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார் என்றும் நினைக்கிறேன்.

தங்கமுத்து காப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். பினாங்குக்காரர் அதை மோந்து பார்த்துவிட்டுப் பெஞ்சில் வைத்தார். குடிக்கவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"நான் கடைக்காரன். கோழி கூவுமுன்ன கடை திறக்கிறவன். என் மகள் கழுத்துல கல்யாணம் வரைக்கும் கறுப்புக் கயிறுதான் கிடந்தது. இங்க பட்டுப்பாவாடை, சங்கிலி, நாற்காலி, பெஞ்சு, கண்ணாடிக் கிளாஸ்ல காப்பி. டெலிபோன் ரிப்பேர். இந்த வீட்டுக்கு நான் எதுக்கு அரிசி அனுப்பணும்? அடுத்த மாசத்துலேர்ந்து வேற பிள்ளையப் பாருங்க வாத்தியாரே. நெசமாவே இல்லாத பிள்ளை."

"ஐயா, நான் சொல்றதச் செத்த கேளுங்க," என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"நீங்க சொல்வீங்க. சங்கம் நடத்துறவுக எல்லாரும் நல்லாத்தான் சொல்வாங்க."

பழனியம்மாள் என்னத்தைச் சொல்வாள்? எங்க ஆத்தா போட்டது என்று சொன்ன வாயால் இரவல் என்று எப்படிச் சொல்வது? பொன்னழகுதான் மெதுவாகக் கேட்டது. அவள் அம்மாவுக்கு மட்டும் கேட்கட்டும் என்று கேட்டது. ஆனால் குடிசை சின்னது.

"யம்மா, அப்ப திங்கக்கெழம நான் மேஸ்திரிகிட்டப் போகணுமா?"

பினாங்குக்காரர் எழுந்துவிட்டார்.

கோபத்தில்தான் எழுந்தார். இன்னும் நாலு வார்த்தை வாத்தியாரைக் கேட்பதற்காக எழுந்தார் என்று பிறகு சொன்னார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? விருந்தாளி எழுந்தாயிற்று. சட்டம் சட்டம்தான். நான் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் தங்கமுத்து உள்ளே வந்தான். "ஐயா குடிக்கலேல்ல? ஷிப்டு விடப்போகுது, கடையில கிளாசு பத்தாது," என்று காப்பியோடு கிளாசை எடுத்தான். பெஞ்சையும் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஜெய்தூன் பீவி.

"ஆத்தா, செத்த திரும்பு," என்று பிள்ளையின் பிடரியில் கொக்கியைக் கழற்றினாள். "எம் மகன் அக்பர் அலி சாணார்பட்டிச் சந்தையிலேர்ந்து வாரதுக்குள்ள இது மருமக கழுத்துல ஏறணும். தெரிஞ்சா என்னைய உரிச்சிருவான்."

ஒருத்தி வந்து காலண்டரைக் கழற்றினாள். ஆணியையும் பிடுங்கிக்கொண்டாள், அதுவும் அவளுடையதுதான். குத்துவிளக்கு போயிற்று. சுந்தரம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏ பொன்னழகு, மெல்ல அவுருடி, சரிகை இழுத்துரும்," என்றாள். பிள்ளை பட்டுப்பாவாடையின் நாடாவை அவிழ்த்தது. அடியில் பள்ளிக்கூடப் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. பட்டை மடித்து இரண்டு கையாலும் கொடுத்தது.

இவ்வளவும் நடந்து முடிய ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகவில்லை. குடிசையில் ஒரு மண்பானை, ஓர் ஈயத்தட்டு, சுருட்டின பாய், சிலேட்டு. பழனியம்மாள் மூலையில் முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டாள். பினாங்குக்காரர் நடுவில் நின்றார். உட்கார வேண்டுமென்றாலும் உட்கார இடமில்லை.

வாத்தியாருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா ஐயா? அத்தனையும் இரவல். உங்களுக்கு மரியாதை செய்யணும்னு—"

"பார்த்தேன்," என்றார் பினாங்குக்காரர். "நல்லாப் பார்த்தேன். மொதல்ல பணக்கார வேஷம். அது எடுபடலேன்னதும் ஏழை வேஷம். இன்னும் எத்தனை காட்சி வாத்தியாரே? டிக்கெட் எங்க வாங்கணும்?"

நான் வாசலில் நாற்காலியை இறக்கி வைத்தேன். என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு மனுஷனைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"நியாயமான கேள்விதான்," என்றேன். "நம்பாதீக. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். இவுக எல்லாரும் தெருமுக்குல நின்னுட்டு, நீங்க ஜட்கா ஏறினதும் திரும்பக் கொண்டாந்து வச்சாலும் வைப்பாக."

"மாமா!" என்று பழனியம்மாள் முந்தானைக்குள்ளிருந்து கத்தினாள்.

"நீ சும்மா இரு. ஐயா, பின்னாலயே போய்ப் பாருங்க. எந்தச் சாமான் எந்த வீட்டுக்குப் போகுதுன்னு உங்க கண்ணால பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு? தாத்தாவா?"

"நாற்காலிக்காரன்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்னால் ஜெய்தூன் பீவி சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓட, பின்னால் பினாங்குக்காரர், அவருக்குப் பின்னால் நாற்காலியோடு நான், எனக்குப் பின்னால் வாத்தியார், அப்புறம் வேலை இல்லாத சனம் அத்தனையும்.

பீவி நர்கீஸ் கழுத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அக்பர் அலி சைக்கிளில் வந்து இறங்கினான். சந்தை சந்தையாகப் பூட்டு விற்கிறவன். தன் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கால்சட்டை எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டான்.

"யாருய்யா இது? என்ன பார்க்கிறாரு?"

"ஒம் பொண்டாட்டி கழுத்துச் சங்கிலியப் பார்க்கப் பினாங்குலேர்ந்து வந்திருக்காருப்பா," என்றேன்.

பீவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்பர் அலி சைக்கிளைச் சுவரில் சாத்தினான். "இன்னிக்கும் போச்சா? போன தடவையே எனக்குத் தெரியும்மா. போட்டோப் பவுடர் அம்புட்டும் சங்கிலியில ஒட்டிக்கெடந்துச்சு. கொடுக்கிறதுதான் கொடுக்கிறீக, தொடைச்சு வாங்க மாட்டீகளா?"

பினாங்குக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தார். டீக்கடைக்குப் போனோம். தங்கமுத்து பெஞ்சை இறக்கி வைத்த நிமிஷத்தில் தோல்ஷாப் ஆட்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். "பெஞ்சைத் தூக்கிட்டு எங்கடா ஊர்வலம் போன? நின்னுக்கிட்டே குடிக்க நாங்க என்ன குதிரையா?" என்று வைதார்கள். வைதவர்களில் ஒருத்தன் கையில் பினாங்குக்காரர் குடிக்காத காப்பி. சுந்தரம்மாள் வீட்டில் பாவாடை கொடியில் ஏறிவிட்டது. கடைசியில் என் குடிசை.

மண்தரையில் நாற்காலிக் கால் பதிந்து பதிந்து குழி விழுந்திருக்கும். அவர் என் கையிலிருந்து நாற்காலியை வாங்கி, தானே குனிந்து ஒவ்வொரு காலாக அந்தக் குழிகளில் இறக்கிப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது.

"வேற ஒண்ணும் இல்லையா உங்க வீட்டுல?" என்றார். 'நீ' போய் 'உங்க' வந்திருந்தது.

"பாய் இருக்கு. அதுல நீங்க உக்கார மாட்டீகன்னுதான் ஊரே சொல்லுது."

நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் உள்ளே வரப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பினாங்குல ஒரு அநாதை விடுதிக்குக் கொடுத்தேன்," என்றார் அவர். "நடத்தினவன் மோட்டார் வாங்கினான். பிள்ளைங்க அதைக் கழுவினாங்க. அப்புறம் யாருக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கிறதில்ல. தங்கச்சியப் பார்க்க வந்தேன்கிறது சாக்கு. இந்தப் போட்டோவுக்காகத்தான் கப்பல் ஏறினேன்."

"வரலைன்னாத்தான் தப்பு," என்றேன்.

"அரிசி அந்தப் பொம்பளைக்குப் போய்ச் சேருதா?"

"சேருது."

"யார் சொன்னது? வாத்தியாரா?"

"அவர் சொல்லி நான் எதுக்கு நம்பணும்? கோயில்லேர்ந்து வண்டி கிளம்புறப்பவே பின்னால நடந்து வாரேன். பழனியம்மா பானையில கொட்டுற வரைக்கும் நிக்கிறேன். சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு அடியில கல்லு கிடக்கான்னு தடவிப் பார்க்கிறேன். ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன். இன்னும் ஒண்ணும் அகப்படல."

வாசலிலிருந்து வாத்தியார், "இதுக்குத்தான் மாசாமாசம் கூடவே வந்தீங்களா? துணைக்கு வாரீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார். பாவம், குரலே மாறிவிட்டது.

பினாங்குக்காரர் அவரைக் கவனிக்கவில்லை. "அகப்படலேன்னு உங்களுக்கு வருத்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"கொஞ்சம்," என்றேன்.

அப்போதுதான் அந்த மனுஷன் சிரித்தார். சிரித்துச் சிரித்து குடை கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளை பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகுதா?"

"போகுதுன்னு பழனியம்மா சொல்றா."

"சொல்றாளா? நீங்க பார்க்கலையா?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அரிசிக்குப் பின்னால் போனேனே தவிர, பிள்ளைக்குப் பின்னால் போகத் தோன்றவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு போகிறது, சாயங்காலம் வருகிறது. நடுவில் எங்கே இருக்கிறது என்று நான் பார்த்தேனா? வெற்றிலைப் பையைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் எழுந்து பழனியம்மாள் குடிசைக்குப் போனார். உள்ளே போகவில்லை, வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இந்தாம்மா. அரிசி வரும். அந்தப் பிள்ளை படிக்கிற வரைக்கும் வரும். இன்னொரு தடவ எங்கிட்டப் பொய் சொன்னா நிப்பாட்டிருவேன்."

பழனியம்மாள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே தலையாட்டினாள்.

"டெலிபோன் ரிப்பேர் ஆயிருச்சான்னு நான் மறுபடி வந்து கேப்பேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்."

முந்தானை குலுங்கிற்று. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். பொன்னழகு ஈயத்தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நீட்டினாள். அது அவர்கள் தம்ளர், யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை. பினாங்குக்காரர் அதை மோந்து பார்க்காமல் குடித்தார்.

அவர் ஜட்கா ஏறிப் போன பிறகு பழனியம்மாள் எனக்கு நன்றி சொல்லுவாள் என்று பார்த்தேன். "ஆளு எந்திரிச்சு மூச்சு விடல, அதுக்குள்ள நாற்காலியப் புடுங்கிட்டீகளே மாமா! செத்த நேரம் பொறுத்தா அது முட்டையா போட்டுரும்?" என்று வெளுத்து வாங்கினாள். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் வைதாள். வைதுகொண்டே எனக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கத்திரிக்காய்.

திங்கட்கிழமை காலையில் சிலுவைமுத்து மேஸ்திரி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டான். அரிசி நிற்கப்போகிறது என்ற பேச்சு அவன் காதுக்கு மட்டும் எப்படியோ போயிருந்தது. நிற்கவில்லை என்கிற பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை.

"ஏத்தா பழனியம்மா, பிள்ளை எங்க? கூட்டியா, இன்னிக்கே சேர்த்துக்கிடுதேன்."

"பள்ளிக்கூடத்துல," என்றாள் அவள், கூந்தலை முடிந்துகொண்டே.

"நெசமாவா?" என்று என்னைப் பார்த்தான். பொம்பளை சொல்வதை அவன் நம்ப மாட்டான்.

"நெசந்தான். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் பின்னாலயே போய்ப் பார்த்துட்டுத்தான் வாரேன். மணி அடிச்சுச்சு. உள்ள போச்சு."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அந்த வாயால் வேறு எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்கப் போனானோ தெரியாது.

பழனியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்புட்டுத் தூரம் பின்னாலயே போனீகளா? என் வார்த்தையில அம்புட்டு நம்பிக்கை!"

"பினாங்குக்காரர் கேட்டா நான் பதில் சொல்ல வேண்டாமா?"

"சரி, உள்ள போச்சு. போயி உக்காந்துச்சான்னு பார்த்தீகளா? அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருக்கு மாமா."

சொல்லிவிட்டுப் பட்டைக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் முதுகு சிரித்துக்கொண்டே போயிற்று. கேலிக்குத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் பின்பக்கம் ஒரு வாசல் இருக்கத்தான் செய்கிறது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.